ஒரு வடமும் ஓர் எண்ணெய்க் குழாயும்: மலபார் கடற்பயிற்சியை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு பெரிய கப்பல்கள் நடுக்கடலில் அருகருகே ஓடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஐம்பது மீட்டர் இடைவெளி இருந்தால் அதிகம். வேகம் 12 அல்லது 13 நாட், அதாவது மணிக்கு 22 முதல் 24 கிலோமீட்டர். ஒரு கப்பலிலிருந்து மற்றதற்கு முதலில் ஒரு மெல்லிய கயிற்றைத் துப்பாக்கியால் சுட்டு அனுப்புவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அதன் நுனியில் கட்டிய கொஞ்சம் தடித்த கயிறு வரும். அதற்குப் பின்னால் இரும்பு வடம். கடைசியில் அந்த வடத்தில் தொங்கியபடி எண்ணெய்க் குழாய் வந்து சேரும். இரண்டு கப்பல்களுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் வேகமெடுத்துப் பாய்வதால், கப்பல்கள் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்தால் இரும்போடு இரும்பு மோதும். இந்த நிலையில்தான் டன் டன்னாக எண்ணெய் ஏற வேண்டும்.

ஒரே கடற்படைக்குள் இது வழக்கமாக நடக்கிற வேலை. எண்ணெய் கொடுப்பது ஒரு நாட்டுக் கப்பல், வாங்குவது இன்னொரு நாட்டுக் கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் வாய் பொருந்துமா? ‘நிறுத்து’ என்பதற்கு இரண்டு பக்கமும் ஒரே கொடியா, ஒரே கைச்சைகையா? ஏதாவது பிசகினால் முதலில் குழாயைக் கழற்றிவிட வேண்டியது யார்? ஏற்றிய எண்ணெய்க்கு யார், எப்படிப் பணம் கட்டுவது? போர்க்கப்பல் பயிற்சி என்றதும் நமக்கு ஏவுகணையும் பீரங்கியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. பல நாட்டுக் கடற்படைகள் கூடிச் செய்கிற பயிற்சியில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிப்பதில்தான் போகிறது. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் சேர்ந்து நடத்தும் மலபார் பயிற்சியின் முப்பது சொச்ச ஆண்டுக் கதையை அந்தக் கண்ணோடு பார்த்தால், செய்திகளில் வராத பல விஷயங்கள் பிடிபடும்.

1971 டிசம்பரில், வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கா தன் விமானம் தாங்கிக் கப்பலான என்டர்பிரைஸை வங்கக் கடலுக்கு அனுப்பியது. இந்தியாவை மிரட்டத்தான் அது வந்தது என்று இங்கே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காயம் இந்தியக் கடற்படையில் ரொம்ப நாள் இருந்தது. கப்பல்கள், நீர்மூழ்கிகள், விமானங்கள் என்று பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த காலம் அது. 1991ல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அதே ஆண்டு பசிபிக் பகுதிக்கான அமெரிக்கத் தரைப்படைத் தளபதி கிளாட் கிக்லைட்டர் இரு நாட்டுப் படைகளும் பழகிக்கொள்ள ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன் தொடர்ச்சியாக 1992ல் இந்திய, அமெரிக்கக் கப்பல்கள் மேற்குக் கடலில் சேர்ந்து பயிற்சி செய்தன. மலபார் கரையின் பெயரையே பயிற்சிக்கும் வைத்தார்கள். பிற்பாடு அது ஜப்பானுக்கும் பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமுக்கும் சிட்னிக்கும் போனபோதும் பெயர் மாறவில்லை.

ஆரம்பத்தில் அது ரொம்பச் சின்ன விஷயம். 1996க்குள் மூன்று முறை நடந்தது. 1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா பயிற்சியை நிறுத்திவிட்டது. மறுபடி தொடங்கியது 2002ல். 2005ல் இரு தரப்பு விமானம் தாங்கிக் கப்பல்களும் வந்தன: இந்தியாவின் விராட், அமெரிக்காவின் நிமிட்ஸ்.

நடுவில் 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அந்த நாளை நம் கரையில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. நாகப்பட்டினமும் அந்தமானும் அடிவாங்கிக் கிடந்த நிலையிலும் இந்தியக் கடற்படையின் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவிக்குப் போயின. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா நான்கும் ஒரு குழுவாகச் சேர்ந்து நிவாரணத்தை ஒருங்கிணைத்தன. சில நாட்களிலேயே அந்தக் குழு கலைந்து, பொறுப்பு ஐ.நா.விடம் போனது. ஆனால் இன்று குவாட் என்று பேசப்படும் நான்கு நாட்டுக் கூட்டின் விதை அங்கே விழுந்தது. அடுத்தவர் கப்பலை எப்படிக் கூப்பிடுவது, யார் எந்தத் துறைமுகத்தைப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் பிணங்கள் கரை ஒதுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. முன்னாலேயே பழகியிருக்க வேண்டும். கூட்டுப் பயிற்சி எதற்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

யார் வருகிறார்கள், யார் வரவில்லை

அரசியல் பக்கத்துக்கு வருவோம். 2007 ஜூலையில் நிமிட்ஸ் சென்னைக்கு வந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அணுசக்தியில் ஓடும் கப்பலைக் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் விடலாமா என்று போராட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் 22ஆம் தேதி ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே இந்திய நாடாளுமன்றத்தில், இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் சேரும் காலம் வந்துவிட்டது என்று பேசினார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 4 முதல் 9 வரை வங்கக் கடலில் ஐந்து நாடுகளின் கப்பல்கள் கூடின: இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர். 25க்கும் மேற்பட்ட கப்பல்கள், அவற்றில் மூன்று விமானம் தாங்கிகள். இடதுசாரிக் கட்சிகள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்கு எதிர்ப்புப் பயணம் கிளம்பின. அமெரிக்காவின் வியூகத்துக்குள் இந்தியா சிக்கிக்கொள்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், இன்றும் கேட்கப்பட வேண்டியது.

சீனா அதற்கு முன்பே இந்த நாடுகளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தது. அடுத்த ஆண்டு கெவின் ரட் தலைமையிலான ஆஸ்திரேலிய அரசு நான்கு நாட்டுப் பேச்சிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. மலபாரும் பெரும்பாலும் பழையபடி இரண்டு நாட்டுப் பயிற்சியானது. ஜப்பான் 2009லும் 2014லும் விருந்தாளியாக வந்துபோய், 2015ல் நிரந்தர உறுப்பினர் ஆனது.

2017 ஜூலை 10 முதல் 17 வரை மலபார் மறுபடியும் சென்னையிலும் வங்கக் கடலிலும் நடந்தது. நிமிட்ஸ், இந்தியாவின் விமானம் தாங்கி விக்ரமாதித்யா, ஹெலிகாப்டர்களைச் சுமக்கும் ஜப்பானின் இசுமோ ஆகியவை வந்தன. அந்தச் சமயத்தில் பூடான் எல்லையை ஒட்டிய டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் நேருக்கு நேர் நின்றிருந்தன. சீனாவுக்குப் பாடம் புகட்டத்தான் பயிற்சி என்று தொலைக்காட்சிகள் முழங்கின. உண்மையில் இப்படி ஒரு பயிற்சியின் தேதி பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். முதல் திட்டக் கூட்டம், நடுவில் ஒன்று, இறுதிக் கூட்டம் என்று வரிசையாக நடக்கும். எந்தக் கப்பல் எந்த மணிக்கு எந்தச் சதுரத்தில் இருக்கும் என்பதுவரை தாளில் எழுதிவைப்பார்கள். டோக்லாம் தகராறு தொடங்கியதே ஜூன் நடுவில்தான்.

ஆகவே தேதியை வைத்து அர்த்தம் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. அழைப்புப் பட்டியல்தான் பேசும். அதே 2017ல் ஆஸ்திரேலியா, பார்வையாளராகவாவது வருகிறோம் என்று கேட்டது. இந்தியா சேர்த்துக்கொள்ளவில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அக்டோபரில், ஆஸ்திரேலியா மலபாருக்கு வருகிறது என்று இந்தியா அறிவித்தது. மூன்றே வருடத்தில் பதில் மாறியதற்கு என்ன காரணம் என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ‘இந்தப் பயிற்சி எந்த நாட்டுக்கும் எதிரானது அல்ல’ என்ற வாக்கியம் ஒவ்வொரு முறையும் அறிக்கையில் வரும். அதை அப்படியே நம்பத் தேவையில்லை, பொய் என்று தள்ளவும் தேவையில்லை.

பட்டியல் எவ்வளவு பேசும் என்பதற்கு ஹவாயில் நடக்கும் ரிம்பேக் என்ற பன்னாட்டுக் கடற்பயிற்சி இன்னொரு சாட்சி. 1971ல் தொடங்கிய அதற்கு 2024ல் 29 நாடுகள் வந்தன. சீனாவும் 2014லும் 2016லும் அதில் அழைக்கப்பட்ட விருந்தாளி. 2014ல் நான்கு கப்பல்களை முறைப்படி பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாவதாக அழைக்கப்படாத ஓர் உளவுக் கப்பலையும் ஹவாய்க்கு வெளியே நிறுத்தியது. சர்வதேசச் சட்டப்படி அதில் தவறில்லை என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டது. தென்சீனக் கடல் தகராறு முற்றிய பிறகு 2018ல் சீனாவுக்கான அழைப்பு ரத்தானது.

தண்ணீருக்கு அடியில்

கடலில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? முதல் சில நாட்கள் துறைமுகத்தில் கழியும். அதிகாரிகள் கூடிப் பேசுவார்கள், ஒருவர் கப்பலை மற்றவர் சுற்றிப் பார்ப்பார், விளையாட்டுப் போட்டிகள் நடக்கும், மேல்தளத்தில் மாலை விருந்து இருக்கும். அப்புறம் கடலுக்குப் போவார்கள். இழுத்துச் செல்லப்படும் இலக்கைச் சுடுவது, விமானத் தாக்குதலைத் தடுப்பது, ஒரு நாட்டு ஹெலிகாப்டர் இன்னொரு நாட்டுக் கப்பலில் இறங்கி ஏறுவது, சந்தேகக் கப்பலில் ஏறிச் சோதனை போடுவது என்று பட்டியல் நீளும். இவற்றில் எல்லோரும் உயிரைக் கொடுத்துச் செய்வது நீர்மூழ்கி வேட்டைதான்.

ரேடார் அலை தண்ணீருக்குள் உதவாது. ஒலி ஒன்றுதான் வழி. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். ஆனால் நேர்கோட்டில் ஓடாது. வெப்பம், உப்பு, அழுத்தம் மாறும் இடத்திலெல்லாம் வளையும். 1930களில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு குழப்பம். கியூபாவின் குவாண்டனாமோ அருகே நடந்த பயிற்சிகளில், ஒலியை வைத்து நீர்மூழ்கி தேடும் சோனார் கருவி காலையில் நன்றாக வேலை செய்தது, மதியத்துக்கு மேல் சொதப்பியது. இயக்குபவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவழிகிறார்கள் என்றுகூட நினைத்தார்கள். கடலியலாளர்கள் இறங்கி அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெயிலில் மேல்நீர் சூடாகிவிடுவதால் ஒலி கீழ்நோக்கி வளைந்துபோகிறது. நீர்மூழ்கி அந்த வளைவுக்கு அப்பால் நிழலில் ஒளிந்துகொள்கிறது.

வங்கக் கடலில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று இத்தனை ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மேலே உப்புக் குறைந்த நீர் ஒரு போர்வைபோலப் படர்ந்திருக்கும், கீழே உப்பு மிகுந்த நீர். பருவமழைக்குப் பின் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. நம் மீனவர்கள் நீவாடு, அதாவது நீரோட்டம் பார்த்து வலை போடுகிறார்கள் இல்லையா, அதே கடலின் குணத்தைத்தான் சோனார்காரரும் படிக்க வேண்டும். பசிபிக்கில் பழகிய அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் இந்தக் கடல் புதிது. இந்தியருக்குக் குவாம் பக்கத்து ஆழக்கடல் புதிது. இடம் மாற்றி மாற்றிப் பயிற்சி நடப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

இரண்டு பக்கமும் பெறுவது என்ன என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவிடம் இருப்பவை எல்லாம் அணுசக்தி நீர்மூழ்கிகள். பேட்டரியில் ஓடும்போது டீசல் மின் நீர்மூழ்கி மிக அமைதியாக இருக்கும். அதைப் பிடித்துப் பழக அவர்களிடம் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. அதற்காகவே 2005 முதல் 2007 வரை ஸ்வீடனிடமிருந்து காட்லண்ட் என்ற நீர்மூழ்கியை மாலுமிகளோடு வாடகைக்கு எடுத்து சான் டியாகோவில் வைத்திருந்தார்கள். இந்தியாவிடம் ரஷ்யாவில் கட்டிய சிந்து வரிசை டீசல் நீர்மூழ்கிகள் இருக்கின்றன. இந்தியாவுக்கோ, வேகமாக ஓடும் அணுசக்தி நீர்மூழ்கியைத் துரத்திப் பழகும் வாய்ப்புக் கிடைக்கிறது. கூடவே ஒரு பயமும் உண்டு. ஒவ்வொரு நீர்மூழ்கிக்கும் கைரேகை மாதிரித் தனக்கென ஓர் இரைச்சல் இருக்கும். இன்றைய நண்பனாக இருந்தாலும் அதை முழுசாகக் காட்டிவிட எந்தக் கடற்படைக்கும் மனம் வராது.

இந்த வேட்டையில் அரக்கோணத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அங்கே உள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து சோவியத் கால டியூ-142 விமானங்கள் பல ஆண்டுகள் பறந்தன. நான்கு பெரிய புரொப்பெல்லர் இன்ஜின்களோடு ஊரையே அதிரவைக்கும் விமானம் அது. 2013ல் அமெரிக்காவின் போயிங் தயாரித்த பி-8 ரக நீர்மூழ்கி வேட்டை விமானத்தின் இந்திய வடிவமான ‘பி-8ஐ’ அங்கே வந்து இறங்கத் தொடங்கியது. 2017 மார்ச்சில் டியூ-142 ஓய்வுபெற்றது. நான்கே மாதத்தில் சென்னைக்கு அப்பால் மலபார். சோவியத் விமானம் காவல் காத்த அதே கடலில் அமெரிக்க பி-8ஏ, இந்திய பி-8ஐ இரண்டும் சேர்ந்து நீர்மூழ்கி தேடின. 1971ஐப் பார்த்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே விமானக் குடும்பம், ஆனால் உடனே பேசிக்கொள்ள முடிந்ததா என்றால், இல்லை. அமெரிக்கர்களும் அவர்களது கூட்டணி நாடுகளும் பயன்படுத்தும் ரகசியத் தகவல் வலை அன்று இந்தியாவிடம் இல்லை. அதற்கான ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாததால், பி-8ஐ விமானங்கள் வரும்போதே அந்தக் கருவிகள் இல்லாமல் வந்தன. அமெரிக்கர்கள் பயிற்சிக்கு வரும்போது ஒரு தகவல் தொடர்புக் கருவியைக் கையோடு கொண்டுவந்து இந்தியக் கப்பலில் வைப்பார்கள், முடிந்ததும் எடுத்துப்போவார்கள். 2018 செப்டம்பரில் காம்காசா என்ற அந்தத் தகவல் தொடர்பு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இந்த நிலைமை மாறத் தொடங்கியது. ரகசியத் தொடர்பை இன்னொரு நாட்டின் கருவிக்குள் ஒப்படைப்பது சாதாரண விஷயம் அல்ல. அதனால்தான் பேச்சுவார்த்தை அவ்வளவு காலம் இழுத்தது. இழுத்ததில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

எண்ணெய்க்குப் பணம் யார் கட்டுவது என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா? அதற்கும் ஒரு வழி பிறக்க 2016 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் தனித்தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். லெமோவா என்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு கணக்கில் எழுதிக்கொண்டு பின்னால் தீர்த்துக்கொள்ளலாம் என்றானது. 2020ல் ஆஸ்திரேலியாவோடும் ஜப்பானோடும் இதே மாதிரி ஒப்பந்தங்கள் வந்தன.

2020 நவம்பரில் கொரோனாவால் துறைமுகச் சந்திப்பே இல்லாமல், நேராகக் கடலிலேயே மலபார் நடந்தது. விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நடந்த முதல் கட்டத்தில் இந்தியாவின் ரண்விஜய், அமெரிக்காவின் ஜான் எஸ். மெக்கெய்ன், ஆஸ்திரேலியாவின் பல்லாரட், ஜப்பானின் ஒனாமி ஆகியவை சேர்ந்து ஓடின. ரண்விஜய் சோவியத் ஒன்றியத்தில் கட்டிய கப்பல். ஜான் எஸ். மெக்கெய்னுக்கு வேறு ஒரு கதை உண்டு. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி அதன் மாலுமிகள் 10 பேர் இறந்தார்கள். போரில் அல்ல, சாதாரணப் பயணத்தில். கடலில் நெருங்கி ஓடுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதை அது உலகத்துக்கே காட்டியது.

கூட்டணியா, பழக்கமா?

மலபாரை ஆசிய நேட்டோ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு நாட்டைத் தாக்கினால் மற்றவை வந்து சண்டையிட வேண்டும் என்ற கடமை எதுவும் இதில் இல்லை. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் செய்தவை, இந்தியா செய்யவில்லை. ரஷ்யாவோடு 2003 முதல் இந்திரா, பிரான்ஸோடு வருணா, சிங்கப்பூரோடு 1994 முதல் சிம்பெக்ஸ், இலங்கையோடு 2005 முதல் ஸ்லினெக்ஸ் என்று இந்தியா பலரோடும் பயிற்சி செய்கிறது. 1995ல் போர்ட் பிளேரில் இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து நான்கையும் அழைத்துத் தொடங்கிய மிலன் இன்று பல பத்து நாடுகள் வருகிற கூட்டமாகிவிட்டது.

அதே நேரத்தில், வெறும் பழக்கம்தானே என்றும் விட்டுவிட முடியாது. தகவல் வலை, எண்ணெய்க் கணக்கு, பொதுவான கையேடு, ஒரே வகை விமானம் எல்லாம் சேர்ந்தால், தேவைப்படும் நாளில் ஒன்றாக இயங்குவதற்கான தடைகள் குறைந்துவிடுகின்றன. இயங்குவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் டெல்லியிடம் இருக்கிறது. அந்த முடிவு அங்கேயேதான் இருக்க வேண்டும்.

பயிற்சியின் பயன் பலமுறை வேறு இடத்தில் தெரியும். 2024 மார்ச்சில் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்துவைத்திருந்த ரூயன் என்ற சரக்குக் கப்பலை இந்தியப் போர்க்கப்பல் கொல்கத்தா சுமார் 40 மணி நேரம் வளைத்து நின்றது. கமாண்டோக்கள் விமானத்திலிருந்து கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் உயிரோடு மீண்டார்கள். இன்னொரு கப்பலில் ஏறிச் சோதனை போடும் ஒத்திகையை எத்தனை முறை செய்திருப்பார்கள்!

மீனவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். குண்டு சுடும் பயிற்சிக்கு முன்னால் அந்தக் கடல்பரப்பைத் தவிர்க்கும்படி எச்சரிக்கை வரும். இந்தப் பகுதிக்கான எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பது டேராடூனில் உள்ள கடல்வரைபட அலுவலகம். பெரிய கப்பல்களுக்கு அது தானாகவே இயந்திரத்தில் அச்சாகி வரும். ஃபைபர் படகில் போகிறவருக்கு அப்படி வராது. அவருக்கு ஊர்ச் சங்கம் வழியாகவோ மீன்வளத்துறை வழியாகவோ, நேரத்தோடும் தமிழிலும் வர வேண்டும். ஒரு நாள் தொழில் போனால் அந்த வீட்டுக்கு அது பெரிய இழப்பு என்பதையும் திட்டக் கூட்டத்தில் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

2022ல் ஜப்பானின் யோகோசுகாவுக்கு அப்பால், 2023ல் முதல்முறையாகச் சிட்னி, 2024 அக்டோபரில் விசாகப்பட்டினம், 2025 நவம்பரில் குவாம் என்று மலபார் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் 2022 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு சார்லஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டு அந்தத் தளத்தோடு நீண்டகால ஒப்பந்தமும் போட்டார்கள். சார்லஸ் ட்ரூ போர்க்கப்பல் அல்ல. நடுக்கடலில் பக்கத்தில் ஓடிக்கொண்டே, வடத்தைக் கட்டி மற்றக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற கப்பல்.